ஓசோனை அளப்பதா, வெயிலை அளப்பதா? தரை நிலையத்துக்குக் கருவி தேடுவோருக்கு

1988-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை பலரைத் தலைசொறிய வைத்தது. அமெரிக்காவில் எட்டு இடங்களில் 1974 முதல் 1985 வரை தரையில் விழும் புற ஊதா-பி கதிரை, அதாவது தோலைச் சிவக்க வைக்கும் குறுகிய அலைநீள வெயிலை, இடைவிடாமல் அளந்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் மேலே ஓசோன் மெலிந்துகொண்டிருந்தது. எனவே கீழே கதிர் கூடியிருக்க வேண்டும். கருவிகளோ ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை குறைந்ததாகக் காட்டின. நகரப் புகைமூட்டம் காரணமா, மேகம் காரணமா என்று விவாதம் நடந்தது. கடைசியில் சந்தேகம் கருவிகளின் மீதே திரும்பியது. ராபர்ட்சன்-பெர்கர் மீட்டர் என்ற அந்தக் கருவியின் உள்ளே இருந்த ஒளிரும் பூச்சு வெப்பநிலைக்கு ஏற்ப மாறக்கூடியது. அவற்றின் அளவுத்திருத்தம் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரே நிலையில் இருந்தது என்று உறுதி சொல்லவும் யாராலும் முடியவில்லை.

ஐந்தாண்டு கழித்து அதே இதழில் இதற்கு நேர்மாறான செய்தி வந்தது. டொரண்டோவில் கெர், மெக்எல்ராய் இருவரும் 1989 முதல் 1993 வரை, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ப்ரூயர் நிறமாலைமானியால் அளந்து, 300 நானோமீட்டர் அருகே குளிர்காலக் கதிர் ஆண்டுக்கு 35 விழுக்காடு வீதம் ஏறியதாக எழுதினார்கள். இம்முறை கருவியைக் குறை சொல்ல யாருக்கும் வழியில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி, பதிவின் இறுதியில் 1993 மார்ச்சில் வந்த சில நாட்களிலிருந்து பிறந்தது என்று மறுப்பாளர்கள் காட்டினார்கள். நல்ல கருவிதான், ஐந்தாண்டுப் பதிவு அந்தப் பெரிய கேள்விக்குப் போதவில்லை.

ஒரு பல்கலைக்கழகத் துறையோ வானிலை அலுவலகமோ தரைக் கருவி வாங்கப் போகும்போது இந்த இரண்டு கதைகளையும் கோப்பின் முதல் தாளில் குத்தி வைக்க வேண்டும் என்பேன். எந்தக் கருவி துல்லியமானது என்ற கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. எதை அளக்கப் போகிறீர்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு?

ஓசோனும் புற ஊதாக் கதிரும் ஒரே பேச்சில் வந்தாலும் வெவ்வேறு அளவைகள். தலைக்கு மேலே உள்ள காற்றுத் தூணில் இருக்கும் ஓசோன் முழுவதையும் கீழே கொண்டுவந்து, கடல்மட்ட அழுத்தத்திலும் பூஜ்ஜியம் டிகிரி வெப்பத்திலும் பரப்பினால், பொதுவாக மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதை 300 டாப்சன் அலகு என்கிறோம். புற ஊதாக் குறியீடு அப்படியல்ல. தோலைச் சிவக்க வைக்கும் திறனுக்கு ஏற்ப ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எடை கொடுத்துக் கூட்டி, சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் என்பதை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளும் எண் அது. ஓசோன் ஒரு விழுக்காடு குறைந்தால் இந்த எடையிட்ட கதிர் ஏறத்தாழ 1.1 முதல் 1.2 விழுக்காடு கூடுகிறது. ஆனால் ஒரு கருமேகம் வந்து நின்றால் பாதிக்கு மேல் போய்விடும். சூரியன் சாயச் சாய இன்னும் வேகமாகக் குறையும். ஆகையால் ஓசோனை மட்டும் அளந்துவிட்டு இன்றைய வெயில் எவ்வளவு கடுமை என்று சொல்ல முடியாது. வெயிலை மொத்தமாக அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு ஓசோன் தேறிவருகிறதா என்று சொல்வதும் ஆகாது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காற்று மாசு நிலையங்களில் உள்ள ஓசோன் கருவி, நாம் மூச்சு விடும் உயரத்தில் உள்ள காற்றை ஒரு குழாய்க்குள் இழுத்து, 254 நானோமீட்டர் ஒளியால் அளப்பது. மொத்த ஓசோனில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. அந்தக் குழாய்க்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. பெயர் ஒன்றாக இருப்பதால் கொள்முதல் கோப்பில் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறிவிடும் அபாயம் வேடிக்கையாகத் தோன்றலாம். கோப்பு கையெழுத்தான பிறகு வேடிக்கையாக இருக்காது.

டாப்சனும் ப்ரூயரும்

ஓசோன் தூணை அளப்பதில் மூத்தது டாப்சன் கருவி. ஆக்ஸ்போர்டில் கார்டன் டாப்சன் 1924-இல் கட்டிய முதல் வடிவம் ஒளிப்படத் தகட்டில் நிறமாலையைப் பதிந்தது. 1926-இல் அவை ஐரோப்பாவின் சில நிலையங்களுக்குப் போயின. 1920களின் இறுதியில் ஹெல்வான், கொடைக்கானல், கிறைஸ்ட்சர்ச் வரை பயணம் செய்தன. தகடுகள் ஆக்ஸ்போர்டுக்கே திரும்பி வந்து அங்கேதான் அளக்கப்பட்டன. பல இடங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் அளக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் வந்த மின் ஒளியுணர் வடிவம்தான் இன்றும் நிலையங்களில் நிற்பது.

வேலை செய்யும் விதம் அழகானது. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளப் பெட்டிக்குள் சூரிய ஒளி நுழைந்து பிரிகிறது. ஓசோன் நன்றாக உறிஞ்சும் ஓர் அலைநீளமும், அவ்வளவாக உறிஞ்சாத இன்னோர் அலைநீளமும் மாறி மாறி உணரியில் விழுகின்றன. பார்வையாளர் ஒரு வட்டத் தகட்டைத் திருப்பித் திருப்பி, வலுவான கதிரை ஆப்பு வடிவக் கண்ணாடியால் மங்கச் செய்கிறார். இரண்டும் சமமாகும்போது மீட்டரின் முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். அப்போது தகடு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். கதிரின் முழு வலிமை இங்கே தேவையில்லை, விகிதம் போதும். 305.5, 325 நானோமீட்டர் இணையையும், 317.5, 339.9 இணையையும் சேர்த்து அளந்தால் தூசியால் வரும் பிழை பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் ஓசோன் துளையைக் கண்டு 1985-இல் வெளியிட்டது இந்தக் கருவியின் பதிவை வைத்துத்தான். செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருந்த காலம் அது.

டாப்சனின் பலவீனமும் அதே வட்டத் தகட்டில்தான் இருக்கிறது. அதைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். வெயில் அடிக்கும் நேரத்தில் அவர் நிலையத்தில் இருக்க வேண்டும். கை பழகியிருக்க வேண்டும், பாதரச விளக்குச் சோதனையையும் நிலைவிளக்குச் சோதனையையும் மாதம் தவறாமல் செய்ய வேண்டும். சில நிலையங்கள் அதைத் தானியங்கியாக மாற்றியிருக்கின்றன என்றாலும் அது கடையில் கிடைக்கும் பொருளன்று. டாப்சனே இன்று புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை. உங்களுக்கு டாப்சன் வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. உங்கள் மாடியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ப்ரூயரைத் தானாக இயங்கும் டாப்சன் என்று சிலர் சுருக்கிச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆலன் ப்ரூயரும் டொரண்டோவில் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி, 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த கருவி இது. இதுவரை இருநூறுக்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன. 306 முதல் 320 நானோமீட்டர் வரை ஐந்து அலைநீளங்களில் ஒளித்துகள்களை எண்ணுகிறது. சூரியனைத் தானே பின்தொடர்கிறது. நிலவொளியிலும் அளக்க வல்லது. உள்ளே உள்ள பாதரச விளக்கை ஏற்றித் தன் அலைநீளத்தைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. ஐந்து அலைநீளங்கள் இருப்பதால் கந்தக டையாக்சைடையும் பிரித்துக் காண முடிகிறது. அந்த வாயு நிறைந்த காற்றில் டாப்சன் அதையும் ஓசோன் கணக்கிலேயே எழுதிவிடும். எரிமலைக்கோ, நிலக்கரி எரிக்கும் ஆலைக்கோ அருகில் உள்ள நிலையம் இந்த ஒரு காரணத்துக்காகவே ப்ரூயரை நினைக்கலாம்.

இவற்றோடு ப்ரூயர் புற ஊதா நிறமாலையையும் எடுத்துத் தரும். ஒரே பெட்டியில் ஓசோனும் கதிரும் என்பதால்தான் அது பல நாடுகளின் முதல் தேர்வாக ஆனது. ஆனால் வாங்கும்போது எந்த வகை என்று பார்க்க வேண்டும். மார்க் 2, மார்க் 4 ஒளியை ஒரு முறைதான் பிரிக்கின்றன. மார்க் 3 இரண்டு முறை பிரிக்கிறது. வேறுபாடு வழிதவறிய ஒளியில் இருக்கிறது. 320-இலிருந்து 290 நானோமீட்டருக்கு இறங்குவதற்குள் தரையில் விழும் சூரியக் கதிர் ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கிவிடுகிறது. நீண்ட அலைநீளங்களிலிருந்து துளி ஒளி உள்ளே சிதறிவந்தாலும், குறுகிய அலைநீளத்தில் அது வெள்ளமாகத் தெரியும். ஓசோன் தடித்து, சூரியனும் தாழ்ந்து நிற்கும் உயர் அட்சரேகைகளில், ஒற்றைப் பிரிப்பான் ஓசோனைக் குறைத்துக் காட்டும். டாப்சனுக்கும் அதே நோய்தான். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே வந்து நிற்கும் இடங்களில் ஓசோனுக்கு ஒற்றையே போதும். 300 நானோமீட்டருக்குக் கீழே நிறமாலையும் வேண்டும் என்றால் இரட்டை இல்லாமல் நடக்காது.

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகுமா? நன்றாகப் பராமரித்தால் ஒரு விழுக்காட்டை ஒட்டி ஒத்துப்போகும். ஆனால் நடு அட்சரேகைகளில் பருவந்தோறும் ஏறி இறங்கும் ஒரு வேறுபாடு நெடுநாள் தலைவலியாக இருந்தது. காரணம் மேலே உள்ள ஓசோனின் வெப்பநிலை. குளிர்ந்த ஓசோனும் வெதுவெதுப்பான ஓசோனும் ஒளியைச் சற்று வேறுவிதமாக உறிஞ்சுகின்றன. டாப்சனின் கணக்கோ ஆண்டு முழுவதும் -46.3 டிகிரி என்ற ஒரே வெப்பநிலையை வைத்துக்கொள்கிறது. புதிய உறிஞ்சல் அட்டவணைகளையும் அந்தந்த நாளின் வெப்பநிலையையும் பயன்படுத்தினால் இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. டாப்சனை எடுத்துவிட்டு அடுத்த நாளே ப்ரூயரை வைத்துப் பதிவைத் தொடர்பவர்களுக்கு இது எச்சரிக்கை. அந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு படி விழும். பத்தாண்டு கழித்து யாரோ அதை ஓசோன் மாற்றம் என்று படிப்பார்கள்.

ப்ரூயருக்கு ஆள் வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். ஒற்றைப் பிரிப்பானின் உள்ளே உள்ள நிக்கல் சல்ஃபேட் வடிகட்டிப் படிகம் ஈரத்தால் கெடும். சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்து மாற்றுவதற்கு ஆள் வேண்டும். குவார்ட்ஸ் சன்னலில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். சூரியனைப் பின்தொடரும் அமைப்பு ஒரு பாகை விலகினால் நிமிர்த்த வேண்டும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் ப்ரூயர் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கோப்புகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருந்தன. நான்கு ஆண்டுகளாக அவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை. சூரியன் கருவியின் பார்வையிலிருந்து எப்போது நழுவியது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் பிடித்தது.

புதியவையும் சிறியவையும்

பாண்டோரா என்பது நாசாவின் காடர்ட் மையத்தில் பிறந்து, இப்போது நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் சேர்ந்து நடத்தும் வலையமைப்பில் இயங்குவது. சூரியனைப் பார்க்கும் ஒரு சிறு தலை, அதிலிருந்து ஒளி இழை, உள்ளே ஒரே நேரத்தில் முழு நிறமாலையையும் பிடிக்கும் உணரி. அசையும் உறுப்புகள் குறைவு. ஓசோனோடு நைட்ரஜன் டையாக்சைடும் ஃபார்மால்டிஹைடும் கிடைக்கும் என்பதால், நகரக் காற்று மாசைப் படிக்கும் துறைக்கு இது ப்ரூயரைவிடப் பயனுள்ளது. எண்களைக் கணக்கிடும் பணியை மையமே எல்லோருக்கும் ஒரே முறையில் செய்துகொடுக்கிறது. டாப்சன் அன்று தகடுகளை வாங்கி அளந்ததன் இன்றைய வடிவம் என்று சொல்லத் தோன்றுகிறது. பதிவின் வயது குறைவு என்பதுதான் குறை. நீண்டகாலப் போக்கைச் சொல்ல அதற்கு இன்னும் ஆண்டுகள் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களின் சாவோஸ் கருவி விடியலிலும் அந்தியிலும் உச்சி வானத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓசோனை அளக்கிறது. துருவப் பகுதிகளில், சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழாத மாதங்களில், மற்றவை கண்ணை மூடிக்கொள்ளும்போது இது விழித்திருக்கும். வேறு இடத்தில் இதை முதல் கருவியாக நினைக்க வேண்டியதில்லை.

கையடக்க மைக்ரோடாப்ஸ் ஆசையைத் தூண்டும் பொருள். 305, 312, 320 நானோமீட்டர் வடிகட்டிகள், சூரியனை நோக்கிப் பிடித்தால் சில நொடிகளில் திரையில் டாப்சன் அலகு. மாணவர்களுக்கும் களப்பயணத்துக்கும் இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் வடிகட்டிகள் வயதாகும். அவ்வப்போது பெரிய கருவி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் எண் மெல்ல நகர்ந்துவிடும். வடிகட்டிகளை நம்பி நாடளாவிய வலையமைப்பே நடத்திய அனுபவம் சோவியத் ஒன்றியத்துக்கு உண்டு. எம்-83 என்ற முதல் கருவியின் வடிகட்டிகள் அகலமாக இருந்ததால் காற்றில் மூட்டம் இருந்தால் ஓசோன் அதிகமாகத் தெரிந்தது. அந்த எண்களை டாப்சன் எண்களோடு கலந்து உலக வரைபடம் வரைந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்தார்கள். பின்னால் எம்-124 வந்து நிலைமை தேறியது.

உயரவாரியாக ஓசோன் எங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பலூனில் கட்டி அனுப்பும் சோண்டே வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவி போய்விடும், வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு. அதற்கான பணமும் ஆளும் இல்லாதவர்களுக்கு உம்கேர் முறை இருக்கிறது. சூரியன் எழும்போதும் இறங்கும்போதும் டாப்சன் அல்லது ப்ரூயரை உச்சி வானத்தை நோக்க வைத்துத் தொடர்ந்து அளந்தால், ஓசோன் அடுக்குகளின் பரவல் தோராயமாகக் கிடைத்துவிடும். கோட்ஸ் என்ற ஆய்வாளர் 1929-இல் ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கண்ட முறை இது. தனிச் செலவு எதுவும் இல்லை.

வெயிலின் பக்கம்

புற ஊதாக் கதிரை அளப்பதில் அடிமட்டத்தில் இருப்பது அகலப்பட்டை மீட்டர். தோலின் உணர்வு வளைகோட்டை ஒட்டி வடிகட்டியும் பூச்சும் அமைத்திருப்பார்கள். மேலே விழும் கதிர் அனைத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். நிமிடத்துக்கு ஒரு முறை, நொடிக்கு ஒரு முறை என்று எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பதியலாம். இதைச் சிறிய நன்மை என்று தள்ளக்கூடாது. உடைந்த மேகங்கள் சூரியனைச் சுற்றி நிற்கும்போது அவற்றின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி, தெளிந்த வானத்தைவிட அதிகமான கதிரைச் சில நிமிடங்களுக்குத் தரையில் கொட்டும். ப்ரூயர் ஒரு நிறமாலையை வரைந்து முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். 300-ஐத் தொடும்போது வெயில், 320-க்குப் போகும்போது மேகம் என்றால் அந்த நிறமாலை எந்த வானத்துடையது? மக்களுக்கு இன்றைய குறியீட்டைச் சொல்லும் பணிக்கு அகலப்பட்டையே பொருத்தம் என்பேன்.

ராபர்ட்சன்-பெர்கர் கதையிலிருந்து தயாரிப்பாளர்கள் பாடம் கற்றார்கள். இன்றைய நல்ல மீட்டர்கள் உள் வெப்பநிலையை நிலையாக வைத்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டு விஷயங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்று ஈரம். உள்ளே புகுந்த ஈரம் உணர்திறனையே மாற்றிவிடும். இரண்டாவது சற்று நுட்பமானது. மீட்டரின் வளைகோடும் தோலின் வளைகோடும் ஒருபோதும் முழுதாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத அளவு எவ்வளவு பிழையாக வெளிப்படும் என்பது அன்றைய ஓசோனையும் சூரியனின் உயரத்தையும் பொறுத்தது. ஆகவே சரியாகத் திருத்தப்பட்ட மீட்டரோடு ஓர் அட்டவணை வரும். ஓசோன் இவ்வளவு, சூரியன் இந்த உயரம் என்றால் இந்த எண்ணால் பெருக்கு என்று அது சொல்லும். ஓசோனைத் தரமுடியாத கருவிக்கு ஓசோன் தெரிய வேண்டியிருக்கிறது! நல்லவேளையாக, அதற்குச் செயற்கைக்கோள் தரும் ஓசோன் எண்ணே போதும்.

2006-இல் டாவோஸில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அகலப்பட்டை மீட்டர்களை ஒரே கூரையில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே வகை மீட்டர்களுக்கும் ஒரே அட்டவணை செல்லுபடியாகாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது அங்கே தெளிவானது. விலைப்பட்டியலில் தயாரிப்பாளர் ஒற்றை எண்ணைத் தந்திருந்தால் அது தொடக்கம் மட்டுமே.

அடுத்த படி, சில குறுகிய வடிகட்டிகளைக் கொண்ட மீட்டர். ஜி.யூ.வி. வகையில் 305, 320, 340, 380 நானோமீட்டர்கள் இருக்கும். நார்வேக்காரர்களின் நிலு-யூவியும் இதே குடும்பம். வேகம் அகலப்பட்டையுடையது. 305-க்கும் 340-க்கும் உள்ள விகிதத்திலிருந்து ஓசோனையும் ஓரளவு கணக்கிடலாம். மேகம் எவ்வளவு மறைக்கிறது என்பதை 380 சொல்லிவிடும், ஏனெனில் அங்கே ஓசோனுக்கு வேலையில்லை. கதிர் மாறியதற்குக் காரணம் ஓசோனா, மேகமா என்று பிரித்துச் சொல்ல முடிகிற மலிவான கருவி இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை. வடிகட்டிகள் நகர்வது இங்கும் நடக்கும்.

உச்சியில் நிற்பது இரட்டைப் பிரிப்பு நிறமாலைக் கதிர்வீச்சுமானி. பெந்தம் போன்ற கருவிகளும், மார்க் 3 ப்ரூயரும் இந்த வரிசை. கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து வைத்திருப்பதால், நாளை பயிருக்கு ஒரு வளைகோடு, வைட்டமின் டி-க்கு ஒரு வளைகோடு என்று எது வந்தாலும் பழைய பதிவிலிருந்தே கணக்கிடலாம். நியூசிலாந்தின் லாடரில் 1990களில் கோடைக்கால உச்சக் கதிர் பத்தாண்டில் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியதை ஓசோன் குறைவோடு பொருத்திக் காட்ட முடிந்தது இத்தகைய அளவீட்டால்தான். அதற்கான விலை பணத்தில் முடிவதில்லை. அலைநீளம் 0.1 நானோமீட்டர் பிசகினால் 300-க்கு அருகே சில விழுக்காடு பிழை வரும். மேலே உள்ள டெஃப்லான் மூடி, சாய்ந்து வரும் ஒளியைச் சரியான விகிதத்தில் ஏற்காவிட்டால் மேலும் சில. ப்ரூயரின் தட்டையான மூடியில் இந்தப் பிழை பெயர்பெற்றது. ஆயிரம் வாட் திருத்த விளக்கை இருட்டறையில் வைத்து ஒளிரச் செய்து, தூரத்தை மில்லிமீட்டர் பார்த்து அளக்கும் ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த உச்சிக் கருவியிலிருந்து கிடைப்பது பொலிவான வரைபடம், அவ்வளவுதான். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை.

அசையும் உறுப்பு இல்லாமல் ஒரு நொடியில் நிறமாலையைப் பிடிக்கும் சிறு வரிசை உணரிகள் மலிவாக வந்துகொண்டிருக்கின்றன. வழிதவறிய ஒளி அவற்றில் அதிகம். 310 நானோமீட்டருக்குக் கீழே அவை காட்டுவதைத் திருத்தம் செய்யாமல் நம்ப வேண்டாம். சில்லுகளில் வரும் இன்னும் மலிவான உணரிகள் பள்ளி முகப்பில் பலகை வைக்க உதவும்.

சந்தேகமான எண்ணுக்கு ஒரு பெரிய உதாரணம் ஆண்டீஸில் இருக்கிறது. பொலிவியாவின் லிகான்கபூர் மலையில் 2003 டிசம்பரில் ஒரு சிறு கருவி புற ஊதாக் குறியீடு 43 என்று காட்டியதாக 2014-இல் வெளியானது. உலக சாதனை என்று செய்திகள் பறந்தன. அந்த உயரத்தில், அந்த ஓசோனில் அவ்வளவு வர இடமில்லை, கருவிதான் பிழை என்று துறை வல்லுநர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். பக்கத்தில் வேறு வகைக் கருவி ஒன்று நின்றிருந்தால் விவாதமே எழுந்திருக்காது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நிதி தருபவர் கேட்பார். ஓசோன் தூணைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவி தரையில் சில கிலோமீட்டர் அகலச் சதுரங்களாக நாள்தோறும் உலகைத் துடைத்துப் போகிறது. ஆனால் நிம்பஸ்-7-இல் பறந்த டாம்ஸ் கருவியின் ஒளிச்சிதறல் தகடு காலப்போக்கில் மங்கி, ஓசோன் உண்மையைவிட வேகமாகக் குறைவதாகக் காட்டியபோது, அதைக் கண்டுபிடித்தது தரையில் இருந்த டாப்சன்கள். புற ஊதாவில் நிலைமை இன்னும் மோசம். செயற்கைக்கோள் மேலிருந்து கணக்கிட்டுத்தான் சொல்கிறது, தரையில் விழுவதை அளப்பதில்லை. கரியும் தூசியும் தாழ்வாகத் தங்கும் நகரங்களில் அது கதிரை மிகைப்படுத்தும். எனவே உங்கள் பணத்துக்கு எல்லை இருந்தால், ஓசோனைச் செயற்கைக்கோளிடம் விட்டுவிட்டு, வெயிலைத் தரையில் அளப்பது புத்திசாலித்தனமான பங்கீடு.

என் தேர்வு

புதிதாகத் தொடங்கும் நிலையம், இரண்டு ஆட்கள், நிச்சயமில்லாத ஆண்டு நிதி. இப்படியென்றால் ஒரு ப்ரூயருக்கு ஆகும் தொகையில் வெப்பநிலை நிலைப்படுத்திய இரண்டு அகலப்பட்டை மீட்டர்களும் ஒரு பலவடிகட்டி மீட்டரும் வாங்கச் சொல்வேன். ஒரு மீட்டர் மாடியில் நிற்கும்போது மற்றொன்று திருத்தத்துக்குப் பயணம் போகும். பதிவு அறுபடாது. மீதித் தொகையைத் திருத்தப் பயணத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ப்ரூயர் வாங்கி, மூன்றாம் ஆண்டில் திருத்தத்துக்கு நிதி இல்லாமல் நிறுத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நகரக் காற்றையும் சேர்த்துப் படிப்பவர்கள் பாண்டோராவையும் ஓர் அகலப்பட்டையையும் இணைக்கலாம். நிரந்தரப் பணியிடங்களும், இருட்டறையும், பதினைந்தாண்டுக்குக் குறையாத உறுதியும் உள்ள தேசிய நிறுவனம் மார்க் 3 ப்ரூயரை எடுக்கட்டும். தனியாக எடுக்கக்கூடாது. டொரண்டோவில் மூன்று ப்ரூயர்களை ஒன்றாக ஓட்டி, ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்படி வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. அதோடு டெனெரிஃபேயின் இசான்யாவில் உள்ள ப்ரூயர் திருத்த மையத்தின் பயணக் கருவியோ, டாவோஸின் குவாசுமே என்ற பயண நிறமாலைமானியோ எப்போது உங்கள் பக்கம் வரும், அல்லது உங்கள் கருவி எப்போது ஓர் ஒப்பீட்டு முகாமுக்குப் போகும் என்ற தேதியைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் துல்லியம் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் உடனே பதில் வரும். அந்த விழுக்காடு எந்தக் கருவியிடமிருந்து, எத்தனை கை மாறி வந்தது என்று கேளுங்கள். பதில் வர எடுக்கும் நேரமே பாதி விடை.

மாடியில் பழைய டாப்சன் வைத்திருப்பவர்களின் முடிவு வேறு. அது முப்பது நாற்பது ஆண்டு பதிவோடு நிற்கிறது என்றால், புதியது எதை வாங்கினாலும் அதை நிறுத்த வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் வியன்னா ஒப்பந்தத்தின் கீழ் ஆய்வுக்கும் கண்காணிப்புக்கும் ஓர் அறக்கட்டளை நிதி இருக்கிறது. ஒப்பீட்டு முகாம்களுக்கு அங்கே கை நீட்டலாம். சுவிட்சர்லாந்தின் அரோசாவில் 1926-இல் தொடங்கிய பதிவுதான் உலகிலேயே நீளமானது. அதை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள டாவோஸுக்கு மாற்ற முடிவெடுத்தபோது, பறவை வழியில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத அந்த இடமாற்றத்துக்கு, இரண்டு ஊர்களிலும் பல ஆண்டுகள் ஒரே நேரத்தில் அளந்து பார்த்த பிறகுதான் அரோசாவின் கூரையை மூடினார்கள். உங்கள் டாப்சனுக்குப் பக்கத்தில் புதியது வந்து நிற்கும்போது குறைந்தது இரண்டு கோடையும் இரண்டு குளிரும் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அந்த நாட்களில் வட்டத் தகட்டைத் திருப்பத் தெரிந்தவரைப் பணி ஓய்வுக்கு அனுப்பாதீர்கள்.